தொட்டில்கள் அசையாத காலை

போன மாதம் எங்கள் சபையில் பெண்கள் கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தேயிலைத் தோட்டங்களில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இரண்டு பெண்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி கொஞ்சம் துணிச்சல்காரி. தேநீரை ஊதிக்கொண்டே கேட்டாள்.

“ஆன்ட்டி, ஒங்களுக்குப் பயமே கெடையாதாமே?”

“யாரு சொன்னது?”

“எல்லாருந்தான் சொல்றாங்க. கிரேஸ் டீச்சர் ஜெபம் பண்ற ஆளு, எதுக்கும் அசைய மாட்டாங்கன்னு. எனக்கு ஒரு புள்ள இருமுனாலே நெஞ்சு படபடன்னு அடிக்குது. நீங்க எப்புடி ஆன்ட்டி அத்தன வருஷம் இருந்தீங்க?”

மற்றவள் அவளை முழங்கையால் இடித்தாள். “ஒனக்குச் சுண்டெலியப் பாத்தாலே நெஞ்சு அடிக்கும்டி.”

எல்லோரும் சிரித்தோம். நான் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். ஏதாவது இரண்டு வார்த்தை சொல்லி அந்தப் பெண்ணைத் தைரியப்படுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டு வார்த்தையில் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று தோன்றியது. பசறைக்குக் கடைசி பஸ்ஸும் புறப்படும் நேரம். அதனால் இதை நம் சபை இதழுக்கு எழுதுகிறேன். அந்தப் பெண்கள் வாசித்தால் போதும்.

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்: நான் பயந்த சுபாவம் உள்ளவள். இடி இடித்தால் பயம், பரீட்சை என்றால் பயம், பதுளையில் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் வீட்டிலிருந்து தந்தி வந்துவிடுமோ என்று பயம். கலியாணமாகி ரூபி பிறந்த பிறகு மற்றப் பயங்கள் எல்லாம் சின்னதாகிவிட்டன. ஏனென்றால் எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டது. தூங்குகிற பிள்ளை மூச்சு விடுகிறதா என்கிற பயம்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தொழிற்சாலையில் என் கணவருக்கு இயந்திர வேலை. அதுவரை பிள்ளைக் காம்பராவில், கொழுந்து பறிக்கப் போக முடியாத வயதான பெண்கள்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் படித்த பெண் ஒருத்தி பொறுப்பாக இருக்க வேண்டும் என்று சொல்லி ஆள் தேடினார்கள். சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடைந்தவள் அந்தத் தோட்டத்தில் நான் ஒருத்திதான். ரூபிக்கு அப்போது தவழத் தெரியாது. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். அந்த ஒரு காரணத்துக்காகவே சரி என்றேன்.

பதுளையில் சில வாரப் பயிற்சி. பால் காய்ச்சுவது, குளிப்பாட்டுவது, சிரங்கு பார்ப்பது, காய்ச்சல் அளப்பது. ஒரு தாதி ரப்பர் பொம்மையை வைத்து எல்லாவற்றையும் செய்து காட்டினார். பொம்மைக்கு மூச்சு இல்லை. அதனால் அங்கே எனக்குப் பயமும் வரவில்லை. கெட்டிக்காரி என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

இப்போது புதிய கட்டடங்களும் மரக் கட்டில்களும் வந்துவிட்ட இடங்களில் வேலை செய்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எங்கள் காம்பரா தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு பழைய லயத்தின் கோடியில் இருந்த நீளமான அறை. தகரக் கூரை. குறுக்கே ஒரு நீண்ட உத்தரம். நடக்கத் தெரிந்த பிள்ளைகள் மூத்ததுகளோடு லயத்திலேயே இருந்துகொள்ளும். எங்களிடம் வருவது கைக்குழந்தைகள். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்குக்கு, பேர் கொடுக்கப் போகும் முன்பு, விடிந்தும் விடியாத பொழுதில், தாய்மார் கம்பளியில் சுற்றிய பிள்ளைகளோடு வருவார்கள். ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையை உத்தரத்தில் போட்டுத் தானே முடிச்சுப் போட்டுத் தொட்டில் கட்டுவாள். அந்த முடிச்சை வேறு யாரும் போடக் கூடாது. தாய் போட்ட முடிச்சில்தான் பிள்ளை தங்கும் என்று நம்பினார்கள். நான் ஒருமுறை அவசரத்தில் கட்டப் போய், “கைய எடுங்க டீச்சர்” என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு அவர்கள் மலைக்குப் போய்விடுவார்கள். வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். காலைப் பொழுதின் நடுவில் அதை அடித்தால் பால் கொடுக்கிற நேரம். தாய்மார் இடுப்பில் கட்டிய ஈரச் சாக்குப் படங்கோடு ஏறி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பிள்ளையை அணைப்பார்கள். அந்த மணி ஓசைக்கு எல்லோருடைய மாரும் கனத்துவிடும் என்பார்கள். எனக்கும் அப்படித்தான்.

எனக்கு உதவியாக செல்லம்மாக்கா இருந்தார். பால் காய்ச்சுவது, துணி அலசுவது எல்லாம் அவர் வேலை. பழைய காலத்து ஆயாக்களில் மிச்சம் இருந்தவர். வெற்றிலை வாயோடு என்னைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவர். நான் தொட்டில் தொட்டிலாகப் போய் ஒவ்வொரு பிள்ளையின் மூக்கடியிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். கடைசித் தொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்ததும், முதல் தொட்டிலைச் சரியாகப் பார்த்தேனா என்ற சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போவேன்.

“டீச்சர், தூங்குற புள்ளய ஏன் நோண்டுறீங்க? மூச்சு எங்கயும் ஓடிப்போகாது. ஒங்க கை பட்டுத்தான் அதுக எந்திரிச்சு அழுவுதுங்க.”

அது உண்மைதான். பிள்ளைகள் எழுந்து அழும். அழுதால் எனக்கு நிம்மதி.

எங்களுக்கு மேலே இருந்தவர் டிஸ்பென்சரியைப் பார்த்த டொக்டர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த ஆள். வெயிலென்றாலும் மழையென்றாலும் குடையை ஊன்றிக்கொண்டுதான் வருவார். வாசலில் நின்று செருப்பைக் கழற்றுவார். உடனே உள்ளே வர மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். எங்கே இருமல் கேட்கிறது, எது நெஞ்சுச் சளி, எது தொண்டைச் சளி என்று காதாலேயே பார்த்துவிடுவார். அதற்குப் பிறகுதான் உள்ளே வந்து நேராக அந்தப் பிள்ளையிடம் போவார். பால் கோப்பையின் விளிம்பை விரலால் தடவி முகர்ந்து பார்ப்பார். சத்தம் போட்டதே இல்லை. பிழை இருந்தால் குரல் இன்னும் தாழும். அதைக் கேட்கத்தான் எனக்குப் பயம்.

நான் சேர்ந்த வருடம் மழைக்காலம் நீண்டுகொண்டே போனது. பனிப்புகார் அறைக்குள்ளேயே வந்து படுத்துக்கொள்ளும். தோட்டத்தின் பக்கத்துப் பிரிவில் இரண்டு குழந்தைகள் நெஞ்சுச் சளியில் இறந்தன. சின்னப் பெட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகத்தான் போனார்கள். அன்றைக்கு டொக்டர் ஐயா வந்து வெகு நேரம் நின்றார்.

“பிள்ளை, உந்தக் காத்து நேர நெஞ்சிலை அடிக்குது. ஓட்டையெல்லாத்தையும் அடைக்க வேணும். நெருப்பும் போட வேணும்.”

“விறகு போட்டாப் புகையுதுங்க ஐயா. புள்ளைங்களுக்குக் கண்ணெல்லாம் எரியுது. புகை போறதுக்காகத்தான் கதவத் தெறந்து வச்சிருக்கோம்.”

அவர் யோசித்தார். “அப்ப கரி எடுப்பம். கரி எண்டால் புகை வராது. கதவையும் சாத்தலாம்.”

பழைய மலை ஒன்றில் தேயிலைச் செடிகளைப் பிடுங்கி, அந்த வேர்களைச் சுட்டுக் கரியாக்கி வைத்திருந்தார்கள். இரும்பு போன்ற கரி. ஒருமுறை பற்றிக்கொண்டால் மதியம் வரைக்கும் கனலும். இரண்டு மூட்டை எங்களுக்கு வந்தது. சுவரின் இடுக்குகளிலும் தகரத்தின் விளிம்பிலும் சாக்கைத் திணித்தோம். கோடியில் இருந்த ஜன்னலின் மேல் சாக்கை வைத்து ஆணி அடித்தார்கள். நடுவில் ஒரு பெரிய சட்டியில் தணல். அறை வீடு மாதிரி ஆகிவிட்டது. தாய்மாருக்குச் சந்தோஷம். “டீச்சர், நாங்களும் இங்கனயே படுத்துக்கவா?” என்று கேட்டார்கள். எங்கள் எல்லோருடைய கணக்கும் ஒன்றுதான்: புகை கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே புகை இல்லை.

அந்த வாரம் சபை உபதேசியார் எங்கள் லயத்துக்கு வந்தார். மாதத்துக்கு ஒருமுறை தோட்டம் தோட்டமாக நடந்தே வருவார். நல்ல மனிதர். ஜெபம் முடிந்ததும் என் கணவர் சிரித்துக்கொண்டே, “இவங்கள ஒங்ககிட்ட ஒப்படைக்கிறேங்க. ராத்திரிக்கு நாலு தடவ எந்திரிச்சு புள்ளயத் தட்டிப் பாக்குறாங்க” என்று போட்டுக் கொடுத்துவிட்டார். உபதேசியார் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“கிரேஸ், சோதிச்சு சோதிச்சுப் பாக்குறது நம்பிக்கை இல்லம்மா. ஆண்டவர் காப்பாத்துவாருன்னு வாயில சொல்றோம். அப்பறம் நாமளே போய் மூக்குல கை வச்சுப் பாக்குறோம். ஒரு நாளாவது கைய மடியில வச்சிட்டு ஒக்காந்து ஜெபம் பண்ணிப் பாருங்க. பயம் தன்னால போயிடும்.”

அது என் மனதில் நன்றாகத் தைத்துவிட்டது. இத்தனை வருடம் ஆலயத்துக்குப் போயும் நான் ஆண்டவரை ஒரு காவல்காரனாகக்கூட நம்பவில்லையே என்று வெட்கப்பட்டேன். மறுநாளே தொடங்க நினைத்தேன். முடியவில்லை. அதற்கு மறுநாளும் முடியவில்லை. அந்த வாரத்தின் கடைசியில்தான் துணிந்தேன்.

அன்று தூறல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. தாய்மார் போனதும் செல்லம்மாக்கா தணலைக் கிளறிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதுவரை திறந்தே இருந்த கீழ் இடுக்கிலும் ஒரு சாக்கை உருட்டி வைத்தார். பிள்ளைகள் கொஞ்சம் சிணுங்கி, பிறகு ஒவ்வொன்றாக உறங்கின. நான் வாசல் பக்கம் பலகையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணை மூடி, இந்தப் பிள்ளைகளை உம்மிடம் விடுகிறேன் என்றேன். எழுந்து போகச் சொல்லிக் கால் பதைத்தது. போகவில்லை. மறுபடியும் அதையே சொன்னேன். நெற்றிப் பொட்டில் தலைவலி இடித்தது. இது பயத்தின் தலைவலி, போகட்டும் என்று இருந்தேன்.

பிறகு, எனக்கே தெரியாமல், பயம் போனது.

அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. உடம்பெல்லாம் லேசாகி, வெந்நீரில் கால் வைத்தது போல ஓர் இதம். என் வாழ்நாளில் அப்படி ஓர் அமைதியை நான் அறிந்ததில்லை. தொட்டில்கள் ஒன்றுகூட அசையவில்லை. செல்லம்மாக்கா தணலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இதுதான் விசுவாசம், உபதேசியார் சொன்னது சரி, என் ஜெபம் கேட்கப்பட்டது என்று நினைத்து நன்றி சொன்னேன். கண் சொருகியது.

அப்போது ராசம்மாவின் பிள்ளை முருகேசு அழவில்லையே என்று தோன்றியது.

முருகேசுக்குப் பல் முளைக்கிற நேரம். தினமும் அந்த நேரத்துக்கு ஊரைக் கூட்டிவிடுவான். அவன் தொடங்கினால் மற்றவை சேர்ந்துகொள்ளும். இன்று தூறல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும்தான் கேட்டது. நான் பார்க்க மாட்டேன் என்று பொருத்தனை செய்தது போல உட்கார்ந்திருந்தேனே, இப்போது எழுந்தால் அது அவிசுவாசமல்லவா? சாத்தானே இந்தச் சந்தேகத்தைத் தருகிறானோ? உண்மையாகவே இப்படியெல்லாம் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, போய்விட்டது என்று நினைத்த அந்தப் பழைய பயம் திரும்பி வந்தது. தெரிந்த ஆள் வந்து தோளைப் பிடித்து உலுக்கியது போல இருந்தது. அதை யார் அனுப்பினார் என்பதில் எனக்கு இன்றைக்குச் சந்தேகமில்லை. அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. எழுந்தேன். எழுந்த வேகத்தில் விழுந்தேன்.

கால் என்னுடையதாக இல்லை. தவழ்ந்து போய் முதல் தொட்டிலைப் பிடித்து எழுந்தேன். பிள்ளையின் கன்னத்தைத் தட்டினேன். விழிக்கவில்லை. கிள்ளினேன். முகம் சுளித்ததே தவிர அழவில்லை. அடுத்த தொட்டிலில் முருகேசு. தலை என் கையில் துணி போலத் தொங்கியது. மூச்சு இருந்தது, ஆனால் எங்கோ தூரத்தில் இருந்தது.

“அக்கா! செல்லம்மாக்கா!”

தோளைப் பிடித்து ஆட்டியதும் அவர் கண் திறந்து, “தல சுத்துது டீச்சர்” என்று சொல்லிவிட்டு வாந்தி எடுத்தார். என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கரியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அறைக்குள் ஏதோ கெட்டது இருக்கிறது, பிள்ளைகள் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான் தெரிந்தது. சாக்கை உதைத்துக் கதவைத் திறந்தேன். குளிர் முகத்தில் அறைந்தது. செல்லம்மாக்காவை இழுத்து வாசலில் விட்டு, “மணிய அடிங்க, அடிச்சிக்கிட்டே இருங்க” என்றேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தை அடிக்கத் தொடங்கினார்.

ரூபி கோடித் தொட்டிலில் இருந்தாள். ஆணி அடித்த ஜன்னலுக்குக் கீழே. அங்கே போட்டது நான்தான். வாசல் பக்கம் வெளிச்சம் உண்டு, அழுதால் சட்டென்று கேட்கும். அந்த இடத்தை என் பிள்ளைக்கு வைத்துக்கொண்டால், டீச்சர் பிள்ளைக்கு ஒரு நியாயம் மற்றதுக்கு ஒரு நியாயமா என்று பேச்சு வரும்.

நான் வாசலில் நின்றேன். கோடி வரைக்கும் ஓடி முதலில் அவளைத் தூக்க வேண்டும். என் உடம்பு முழுவதும் அதைத்தான் சொன்னது. ஆனால் அங்கே போய்ச் சேர இத்தனை தொட்டில்களைத் தாண்ட வேண்டும். நடுவில் விழுந்துவிட்டால் ஒன்றுகூட வெளியே வராது. “ஆண்டவரே” என்றேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. அவளைக் காப்பாற்றும் என்றுகூடச் சொல்லவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கைக்கு எட்டிய இரண்டு பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

இது விசுவாசமா, அல்லது அந்தத் தாய்மாரின் முகத்தில் விழிக்கப் பயந்தேனா என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். இன்றைக்கும் முடிவாகத் தெரியவில்லை. ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் “ஆண்டவரே” என்ற ஒரு சொல். ஒவ்வொரு முறையும் கோடித் தொட்டிலைப் பார்த்தேன். அது அசையவில்லை. பார்த்துக்கொண்டே வேறு பிள்ளையைத் தூக்கினேன். தாழ்வாரம் சின்னது. அது நிறைந்ததும் மீதிப் பிள்ளைகளைப் புல்லில் சாக்கு விரித்துத் தூறலிலேயே கிடத்தினேன். முதலில் கிடத்திய பிள்ளை ஒன்று இருமி, பிறகு அழ ஆரம்பித்தது. அந்தச் சத்தம் என் கால்களுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பைக் கொடுத்தது.

கீழே மலையிலிருந்து கங்காணியின் குரல் கேட்டது. “யாருடா அது, நேரமாகுறதுக்கு முன்னாடி மணி அடிக்கிறது? செல்லம்மா, ஒனக்குக் கிறுக்கா?” ஆனால் தாய்மார் நேரத்தைப் பார்க்கவில்லை. கூடைகளைப் போட்டுவிட்டு ஏறி ஓடி வந்துவிட்டார்கள்.

அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிந்திருக்கும்? நெஞ்சுச் சளிக்காக ஓட்டையெல்லாம் அடைத்த காம்பரா. அதற்கு வெளியே ஈரப் புல்லில், மழையில், வரிசையாகப் பிள்ளைகள்.

“அடிப் பாவி! எம்புள்ளய மழையில போட்டுட்டாளே!”

ராசம்மாதான் முதலில் வந்தாள். முருகேசை வாரி எடுத்துக்கொண்டே என் தோளில் ஓங்கி அடித்தாள். நான் கடைசித் தடவையாக உள்ளே போகத் திரும்பினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்து பறிக்கிற கை. விடுவிக்க முடியவில்லை.

“எங்க ஓடுற? என்னடி செஞ்ச புள்ளைங்கள? சொல்லிட்டுப் போ!”

“உள்ள... உள்ள இன்னும் இருக்கு, ராசம்மா.”

“யாரு புள்ள?”

“எம்புள்ள.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, புல்லில் கிடந்த பிள்ளைகளையெல்லாம் ஒரு பார்வை பார்த்தாள். என் கையை விட்டாள். முருகேசை என் மேல் தள்ளிவிட்டு, படங்கோடு அவளே உள்ளே ஓடினாள். நான் அவள் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றேன். முருகேசு அப்போதுதான் அழத் தொடங்கினான். என் காதுக்குள் அழுதான். அவள் வெளியே வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

ரூபியைச் சேலைத் தொட்டிலோடு பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிள்ளை அசையவில்லை. புல்லில் கிடத்தினோம். அந்த நேரத்துக்கு டொக்டர் ஐயா குடையில்லாமல் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். குனிந்து ரூபியின் வாயில் தன் வாயை வைத்து மெல்ல மெல்ல ஊதினார். உள்ளங்காலைச் சுண்டினார். மறுபடியும் ஊதினார். நான் ஜெபிக்கவில்லை. மழைத்துளி அவள் இமையில் விழுந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இமை சுருங்கியது. பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

“அழட்டும். நல்லா அழ விடும்” என்றார். அதற்குப் பிறகுதான் காம்பராவின் வாசலுக்குப் போனார். செருப்பைக் கழற்றவில்லை. தணல் சட்டியைப் பார்த்தார். சாக்கு திணித்த சுவரைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

“புகை தெரிஞ்சால் கதவைத் திறப்பம். இது தெரியாத புகை, பிள்ளை. நான் யோசிச்சிருக்க வேணும்.”

அவரே கோடி ஜன்னலின் சாக்கைக் கிழித்து எறிந்தார். பிள்ளைகளில் மிகச் சின்னதையும் ரூபியையும் தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கொண்டுபோகச் சொன்னார். அங்கே பார்த்துவிட்டு ரூபியை அன்று மாலையே வீட்டுக்கு விட்டார்கள். மற்றது சில நாள் இருந்து வந்தது. எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தன. அதற்குப் பிறகு பல மாதம் டொக்டர் ஐயா வரும்போதெல்லாம் ஒவ்வொரு பிள்ளையையும் தன் விரலைப் பிடிக்க விட்டுப் பார்ப்பார். அந்தப் புகை மூளையில் ஏதாவது பழுதை விட்டுப்போயிருக்குமோ என்று அவருக்குப் பயம்.

உபதேசியாரிடம் அடுத்த மாதம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், கடைசியில் தலையைக் குனிந்துகொண்டு, “நான் ஒங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “இல்லைங்க. ஒக்காந்துக்கிட்டு ஜெபம் பண்ணச் சொன்னீங்க. எனக்கு எந்திரிச்சு ஓடிக்கிட்டே பண்ணத்தான் வருது” என்றேன். அவர் கொஞ்சம் சிரித்தார். அன்றிலிருந்து தொட்டில் தொட்டிலாகப் போகும்போது அந்தந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஜெபித்துக்கொண்டே போவேன். நான் அறிந்த ஜெபம் அதுதான்.

ஆனால் அந்தப் பெண்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த நாளில் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலையில் இருக்கிறது.

விடியும் முன்பே விழித்துவிட்டேன். தூங்கினேனா என்றும் தெரியாது. என் கணவர் விளக்கைத் தூண்டிவிட்டு, நான் சேலை கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு ஒரு நாள் வீட்டுல இரேன். யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க.”

“செல்லம்மாக்கா தனியா என்ன செய்வாங்க?”

“அவங்களும் வருவாங்களோ என்னவோ. அம்மாமாருங்க புள்ளைங்களக் கொண்டாருவாங்களான்னே தெரியல.” பிறகு, “பயமா இருக்கா?” என்றார்.

“ரொம்ப.”

“ரூபிய வேணும்னா எங்கிட்ட விட்டுட்டுப் போ.”

அதைத்தான் நான் இரவெல்லாம் யோசித்திருந்தேன். அவர் வேலைக்குப் பிந்திப் போகலாம், பக்கத்து வீட்டில் விடலாம். ஆனால் என் பிள்ளையை வீட்டில் வைத்துவிட்டு, உங்கள் பிள்ளைகளைக் கொடுங்கள் என்று அந்தத் தாய்மாரிடம் எப்படிக் கையை நீட்டுவேன்? அவளைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு நடந்தேன். வழியெல்லாம், ஆண்டவரே, இந்தப் பயத்தை எடுத்துவிடும் என்று கேட்டேன். பாதி வழியில் அப்படிக் கேட்பதை நிறுத்திவிட்டேன். எடுக்க வேண்டாம், கூட வந்தால் போதும் என்றேன்.

காம்பராவின் கதவும் ஜன்னலும் திறந்தே கிடந்தன. உள்ளே சாம்பல் மணம். செல்லம்மாக்கா எனக்கு முன்பே வந்து, தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வாயில் கேலி இல்லை. நான் என் சேலையை உத்தரத்தில் போட்டு முடிச்சுப் போட்டேன். இரண்டு முறை அவிழ்த்து மறுபடி போட்டேன். ரூபியை அதில் கிடத்தினேன். பிறகு வாசலுக்கு வந்து நின்றேன்.

பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. பாதையில் யாரும் இல்லை. வர மாட்டார்கள் என்று நினைத்தேன். வராமல் இருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் என் மனதில் இருந்தன.

பனிப்புகாருக்குள்ளிருந்து முதலில் வந்தவள் ராசம்மா. இடுப்பில் முருகேசு. அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டார்கள். ராசம்மா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள். தணல் சட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். ரூபியின் தொட்டிலைப் பார்த்தாள். அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

“நேத்து அடிச்சிட்டேன்” என்றாள்.

“பரவால்ல, ராசம்மா.”

“வலிச்சிருக்கும்.”

“கொஞ்சம்.”

உள்ளே போய்த் தன் சேலையைப் போட்டு முடிச்சுப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். திரும்பி வந்து பிள்ளையை என்னிடம் நீட்டினாள்.

“எல்லாரும் ஒங்களப் பயந்தாங்கொள்ளி டீச்சர்னு சிரிப்போம். இனிமே சிரிக்க மாட்டோம். நீங்க பயந்துக்கிட்டே பாத்துக்குங்க.”

முருகேசை வாங்கினேன். என் புறங்கை தன்னால் அவன் மூக்கடிக்குப் போனது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குப் போனாள். தள்ளி நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பிள்ளைகளோடு வாசலுக்கு வந்தார்கள்.